ஓடிபி போட்டுக் கொடுத்த பணம் திரும்ப வருமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சிறிய இணையதளத்தில் டேபிள் டாப் கிரைண்டருக்காக கிரெடிட் கார்டில் 14,800 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். பத்து நாளில் வரும் என்றார்கள், 24 நாளாகிவிட்டது. வாட்ஸாப்பில் 'டிஸ்பாட்ச் ஆயிடுச்சு மேடம்' என்று மூன்று முறை பதில் வந்தது, இப்போது ஃபோனையே எடுப்பதில்லை. தெரிந்தவர் ஒருவர் 'கார்டுதானே, பேங்க்ல சொன்னா திரும்பிடும்' என்கிறார். இன்னொருவர் 'நீங்களே ஓடிபி போட்டுட்டீங்க, இனிமே ஒண்ணும் வராது' என்கிறார். கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: ஆன்லைனில் புடவை விற்கும் உங்கள் நாத்தனார் கார்டில் பணம் வாங்கலாமா, நாளைக்கு யாராவது அவர் மேலேயே இப்படிப் புகார் போட்டால் என்ன ஆகும்?

ஆக, கார்டு பாதுகாப்பானதா என்பது அல்ல உங்கள் கேள்வி. நானே சம்மதித்துக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க எனக்கு வழி இருக்கிறதா, அதே வழி விற்பவரை நியாயமில்லாமல் அடிக்குமா என்பதுதான். சென்னையில் ஒரு வங்கியின் கார்டு டிஸ்ப்யூட் பிரிவில், அதாவது கார்டில் கட்டிய பணம் பற்றிய புகார்களைப் பார்க்கும் பிரிவில், பதினோரு வருடம் இருந்தேன். அப்புறம் சில வருடம் மேசைக்கு அந்தப் பக்கம், கடைகளுக்காகக் கார்டு பணம் வசூலித்துக் கொடுக்கும் ஒரு பேமென்ட் நிறுவனத்தில் வேலை. வக்கீல் இல்லை. இரண்டு பக்கத்துக் கோப்புகளையும் படித்தவன் என்ற அளவில் சொல்கிறேன். உங்களிடம் பேசிய இருவருமே பாதிதான் சரி.

கார்டில் கட்டும்போது பணம் உங்களிடமிருந்து கடைக்காரருக்கு நேராகப் போவதில்லை. உங்களுக்கு கார்டு கொடுத்த வங்கி ஒரு முனை. கடைக்காரரைச் சேர்த்துக்கொண்ட வங்கி இன்னொரு முனை. நடுவில் விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க். ஆன்லைன் கடையென்றால் பெரும்பாலும் கடைக்கும் அதன் வங்கிக்கும் இடையே ஒரு பேமென்ட் கேட்வே நிறுவனமும் இருக்கும். திரையில் 'பேமென்ட் சக்சஸ்' என்று வரும் நொடியில் நடப்பது ஒரு வாக்குறுதி மட்டுமே. இந்தத் தொகைக்கு நான் பொறுப்பு என்று உங்கள் வங்கி சொல்கிறது, உங்கள் லிமிட்டில் அவ்வளவு குறைகிறது. நிஜப் பணம் பிறகு வங்கிக்கு வங்கி நகர்ந்து, கமிஷன் கழித்துக் கடைக்காரர் கணக்கில் சேர்கிறது. போன அதே பாதையில் அந்தப் பணத்தைத் திருப்பி இழுப்பதற்கும் நெட்வொர்க்குகள் விதி வைத்திருக்கின்றன. அதற்குப் பெயர்தான் சார்ஜ்பேக். வங்கி உங்களுக்குத் தன் கைப்பணத்தைத் தருவதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, கடைக்காரருடைய வங்கியிடம் கேட்டு வாங்குகிறது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இணையத்தில் தேடினால் பிரிட்டனின் 1974ஆம் வருடச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, திருட்டுச் செலவில் வாடிக்கையாளர் ஏற்க வேண்டிய நஷ்டத்துக்கு அமெரிக்கா வைத்த 50 டாலர் உச்சவரம்பு என்றெல்லாம் வரும். அவை அந்த நாட்டுச் சட்டங்கள். பிரிட்டனில் 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளைக் கிரெடிட் கார்டில் வாங்கினால், கடைக்காரரோடு சேர்ந்து கார்டு வங்கியும் சட்டப்படிப் பொறுப்பு. நம் ஊரில் அப்படி ஒரு பிரிவு கிடையாது. பொருள் வரவில்லை என்ற புகாருக்கு இங்கே உங்களுக்கு இருப்பது நெட்வொர்க்கின் விதி, அதை உங்கள் சார்பில் பயன்படுத்த வேண்டியது உங்கள் வங்கி. அதனால்தான் தேதியும் தாளும் இவ்வளவு முக்கியமாகின்றன.

சரி, ஓடிபிக்கு வருவோம். குழப்பமெல்லாம் இங்கேதான். கார்டுப் புகாரில் 'இந்தச் செலவை நான் செய்யவே இல்லை' என்பது ஒன்று, 'நான்தான் செய்தேன், ஆனால் சொன்னது நடக்கவில்லை' என்பது வேறு ஒன்று. இரண்டுக்கும் வேறு வேறு விதி எண், வேறு வேறு சாட்சியம். 2009 ஆகஸ்டு முதல், கார்டை நேரில் காட்டாமல் செய்யும் உள்நாட்டுச் செலவுக்குக் கூடுதலாக ஓர் உறுதிப்படுத்தல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. ஆரம்பத்தில் பலர் பாஸ்வேர்டு போட்டோம், பிறகு ஓடிபி வந்தது. இந்த உறுதிப்படுத்தல் சரியாக நடந்துவிட்டால், பின்னால் 'நான் செய்யவில்லை' என்று யாராவது புகார் சொல்லும்போது அந்த நஷ்டம் கடைக்காரர் தலையில் விழாது. கார்டு கொடுத்த வங்கியின் பக்கம் போய்விடும். ஓடிபி உங்களைக் காப்பதாக வங்கி விளம்பரம் செய்கிறது, அது உண்மைதான். ஆனால் அது கடைக்காரரையும் காக்கிறது, விளம்பரத்தில் அந்தப் பாதி வருவதில்லை.

அந்த முதல் வகைப் புகாரில் வங்கிக்கும் உங்களுக்கும் இடையே நஷ்டம் யாருக்கு என்பதை ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவாகவே சொல்கிறது. வங்கியின் தவறென்றால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. வங்கியிடமும் தவறில்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் வேறெங்கோ ஓட்டை என்றால், செலவு பற்றி வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலைநாளுக்குள் சொல்லிவிட்டால் அப்போதும் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலைநாள் ஆனால், ஐந்து லட்சம் வரை லிமிட் உள்ள கிரெடிட் கார்டுக்கு ஒரு பரிவர்த்தனைக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அதற்கு மேல் லிமிட் என்றால் 25,000. அதையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஆனால் ஓடிபியை நீங்களே யாரிடமாவது சொல்லியிருந்தால், புகார் கொடுக்கும்வரை போனது உங்களுடையது. தெரியாமல் சொன்னேன், பயமுறுத்தினார்கள் என்று அழுதவர்களின் கோப்புகளை நிறையப் பார்த்திருக்கிறேன். மனது கேட்காது, விதி கேட்டுவிடும்.

உங்கள் கிரைண்டர் இதில் சேராது. நீங்கள்தான் வாங்கினீர்கள், மறுக்கவில்லை. ஓடிபி போட்டது, வாங்கியது நீங்கள் என்பதற்குச் சாட்சி. பொருள் வந்து சேர்ந்தது என்பதற்கு அது எப்படிச் சாட்சியாகும்? 'ஓடிபி போட்டதால் டிஸ்ப்யூட் எடுக்க முடியாது' என்று வாடிக்கையாளர் சேவை எண்ணில் யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். 'மோசடி என்று சொல்லவில்லை, பொருள் கிடைக்கவில்லை என்கிறேன்' என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். பட்டியலில் தவறான வகையைத் தட்டியதால் மட்டுமே தள்ளுபடியான நல்ல புகார்கள் உண்டு. கோபத்தில் 'ஃபிராடு' என்று எழுதுவார்கள். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு கோப்பு மோசடிப் பிரிவுக்குப் போகும். அங்கே ஓடிபி சரியாக இருக்கிறது என்று மூடிவிடுவார்கள்.

கெடு எவ்வளவு என்றால், பொருள் வராத புகாருக்கு நெட்வொர்க்குகளின் விதியில் பொதுவாகச் சொல்லப்படுவது 120 நாள். பொருள் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுவார்கள். ஆனால் அது உங்கள் வங்கி எதிர்த்தரப்பு வங்கியிடம் கேட்பதற்கான கெடு, உங்களுக்கானது இல்லை. வங்கிகள் வாடிக்கையாளருக்கு அதைவிடக் குறைவாகவே நாள் வைக்கும். ஸ்டேட்மென்ட் வந்து இத்தனை நாளுக்குள் என்று உங்கள் கார்டு ஒப்பந்தத்தில் இருக்கும், அதைப் பாருங்கள். 'அடுத்த வாரம் கட்டாயம் அனுப்பிடறோம்' என்று கடைக்காரர் இழுப்பதெல்லாம் பல நேரம் இந்த நாட்களைத் தின்பதற்குத்தான். உங்களுக்குச் சொன்ன பத்து நாள் தாண்டி இரண்டு வாரம் ஆகிறது. இனிப் பொறுக்க வேண்டியதில்லை.

என்ன கொடுக்க வேண்டும்? ஆர்டர் எண்ணும் தொகையும் உள்ள மின்னஞ்சல், பத்து நாளில் வரும் என்று அவர்கள் சொன்ன இடத்தின் ஸ்கிரீன்ஷாட், நீங்கள் கேட்டதும் அவர்கள் சொன்னதும் தேதியோடு தெரியும் வாட்ஸாப் பக்கங்கள். கடைக்காரரிடம் நேரில் தீர்க்க முயன்றீர்கள் என்பது கோப்பில் இருக்க வேண்டும். அதனால் இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: இந்தத் தேதிக்குள் வரவில்லை, ஆர்டரை ரத்து செய்கிறேன், பணத்தைத் திருப்புங்கள். நான்கு வரி போதும். ஒருமுறை ஒரு பெரியவர் சோபா வராததற்கு ஆறு பக்கம் கைப்பட எழுதிக் கொடுத்தார். மகள் கல்யாணம், சம்பந்தி முன்னால் வந்த அவமானம், எல்லாம் இருந்தது. எந்தத் தேதியில் வர வேண்டிய சோபா என்பது மட்டும் இல்லை. அந்த ஒரு தேதியை அவரிடமிருந்து வாங்குவதற்கு எனக்கு மூன்று ஃபோன் தேவைப்பட்டது.

வந்த பொருள் சொன்னபடி இல்லை என்ற புகார் இதைவிடக் கடினம், உங்கள் நாத்தனாருக்காக அதையும் சொல்கிறேன். மயில் கழுத்து நிறம் என்று போட்டு விற்ற பட்டுப் புடவை ஒன்றுக்குப் புகார் வந்தது. வாங்கியவர், வந்தது வெறும் நீலம் என்றார். விற்றவர், வெயிலில் பிடித்துப் பாருங்கள், பச்சை ஓடும் என்றார். இரு தரப்பும் அனுப்பிய படங்களை அலுவலகத்தில் ஆறு பேர் பார்த்தோம், நான்கு விதமாகச் சொன்னோம். கடைசியில் நிறம் எதையும் முடிவு செய்யவில்லை. வாங்கியவர் புடவையைத் திருப்பி அனுப்ப முயன்றதற்கான சான்று ஒன்றுமில்லை, கட்டிப் பார்த்து மடித்து வைத்திருந்தார். இந்த வகைப் புகாரில் பொருளைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும், அல்லது கொடுக்க முயன்றிருக்க வேண்டும். பொருளும் எனக்கு, பணமும் எனக்கு என்றால் செல்லாது. அந்தப் பணம் விற்றவரிடமே தங்கியது.

டிஸ்ப்யூட் போட்டதும் சில வங்கிகள் அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்கும், சில வைக்காது. வைத்தாலும் அது இறுதி இல்லை. கடைக்காரர் பதில் ஆவணம் கொடுத்து ஜெயித்தால் அந்தத் தொகை மறுபடி உங்கள் பில்லில் ஏறும். அந்தத் தற்காலிக வரவை மாதக் கடைசியில் செலவழித்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கியின் 2022 கார்டு விதிகளின்படி, புகார் சொன்ன 30 நாளுக்குள் வங்கி உங்களுக்கு விளக்கமும், தேவையானால் ஆவணமும் தர வேண்டும். தராவிட்டால், தந்தது திருப்தியாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மனிடம் (குறைதீர்ப்பாளர்) போகலாம், கட்டணம் இல்லை. பொருளை ஏமாற்றிய கடை மீது தனியாக நடவடிக்கை வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 2019 சட்டத்தின்படி, நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கட்டியதற்கான வழக்கில் கட்டணமும் கிடையாது. இந்த வழிகளெல்லாம் இருக்கின்றன என்பது உறுதி. உங்கள் பணம் வருமா என்பதை நான் உறுதி சொல்ல முடியாது. கடைக்காரர் ஒரு கூரியர் ரசீதைக் காட்டலாம், அது வேறு பின்கோடுக்குப் போனதாகக்கூட இருக்கலாம். அதை நீங்கள் கவனித்து மறுக்க வேண்டும். ஆனால் நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் நல்ல கோப்பு என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடை மூடிவிட்டு ஓடிவிட்டால் என்ன செய்வது என்று பயப்படுகிறீர்கள். கார்டின் நிஜமான பலம் அங்கேதான் தெரியும். கடைக்காரரிடம் பணம் இல்லாவிட்டால், அவரைச் சேர்த்துவிட்ட வங்கி அந்த நஷ்டத்தை ஏற்க வேண்டும், பிறகு கேட்வே நிறுவனத்திடம் வசூலித்துக்கொள்ளும். ஓடிய கடை பதில் ஆவணமும் கொடுக்காது. யுபிஐயில் அனுப்பியிருந்தால் உங்கள் நிலை வேறு. அது நீங்களே தள்ளிவிட்ட பணம், தள்ளிய நொடியில் எதிராளி கணக்கில் விழுந்துவிடும். அங்கேயும் புகார் வழி உண்டு, ஆனால் பணம் போகாமல் சிக்கிய குளறுபடிகளுக்கு அது வேலை செய்யும் அளவுக்கு 'பொருள் வரவில்லை' என்பதற்குச் செய்யாது. டெபிட் கார்டுக்கு சார்ஜ்பேக் உண்டு. வித்தியாசம், முடிவு வரும்வரை வெளியே நிற்பது உங்கள் சேமிப்பு. பழக்கமில்லாத கடையில் நான் முதல்முறை வாங்கினால் கிரெடிட் கார்டு, இல்லாவிட்டால் வந்த பிறகு பணம்.

இனி நாத்தனார். கார்டில் பணம் வாங்கலாம். அவருக்குக் கிடைக்கும் முதல் பாதுகாப்பு யாரும் பேசாதது: வாங்கியவர் கார்டு பில்லைக் கட்டவே இல்லை என்றாலும் நாத்தனாருக்குப் பணம் வந்துவிடும். கடன் வசூல் வங்கியின் தலைவலி. அக்கம்பக்கத்தில் தவணைக்குப் புடவை கொடுத்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். இரண்டாவது, முன்பே சொன்ன ஓடிபி. மூன்றாவது, எடிட் செய்த ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி 'பணம் அனுப்பிட்டேன்' என்று ஏமாற்றுவது இங்கே நடக்காது, ஆர்டர் பக்கம் அவர் கணக்கிலேயே தெரியும். இதற்கெல்லாம் விலை, சுமார் இரண்டு சதவீதக் கமிஷன், அதன் மேல் ஜிஎஸ்டி.

அவர் தோற்கக்கூடிய இடம் தாள் இல்லாத இடம். புகார் வந்தால் கேட்வேயிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும், அதில் பதில் சொல்ல ஒரு கெடு இருக்கும். அந்த மின்னஞ்சல் ஸ்பாமில் கிடந்து, கெடு முடிந்து, தானாகத் தோற்றவர்கள் ஏராளம். கேட்வே அடுத்து பணம் போடும்போது, அதாவது அடுத்த செட்டில்மென்டில், தொகை கழிந்த பிறகுதான் என்னவென்று கேட்பார்கள். ஒவ்வொரு பார்சலுக்கும் பில், கூரியர் எண், ஒப்படைத்ததற்கான சான்று, வாடிக்கையாளரோடு பேசிய சாட் இவற்றை ஆறேழு மாதம் அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். திருப்பி எடுக்கும் விதி என்ன என்பது பணம் கட்டுவதற்கு முன்னாலேயே பக்கத்தில் தெரிய வேண்டும். 'நோ ரிட்டர்ன்' என்று பில்லின் பின்னால் அச்சடித்திருப்பதற்கு மதிப்பில்லை. இன்னொன்று, டிஸ்ப்யூட் ஓடிக்கொண்டிருக்கும்போது வாடிக்கையாளர் மேல் இரக்கப்பட்டு யுபிஐயில் தனியாகப் பணத்தைத் திருப்பிவிடக் கூடாது. அங்கே ஒரு முறை, சார்ஜ்பேக்கில் ஒரு முறை, இரண்டு தடவை போகும். திருப்புவதென்றால் எந்தக் கார்டில் வந்ததோ அதே கார்டுக்கு, கேட்வே வழியாக.

வெளிநாட்டிலிருந்து வரும் ஆர்டரில் மட்டும் அவர் நிதானமாக இருக்க வேண்டும். நியூ ஜெர்சியிலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ ஒருவர் வாங்கும்போது பெரும்பாலும் ஓடிபி கேட்காது, கார்டு எண்ணும் சிவிவியும் போதும். அந்தக் கார்டு திருட்டுக் கார்டு என்றால் நஷ்டம் விற்றவருக்கே. பார்சல் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த சான்று அப்போது உதவாது, கார்டின் சொந்தக்காரர் வாங்கவே இல்லையே. விலை கேட்காமல், நிறம் கேட்காமல், ஒரே நேரத்தில் எட்டுப் பட்டுப் புடவை, இன்றைக்கே அனுப்பு என்று அவசரம், இரண்டு மூன்று கார்டு தோற்று நான்காவது ஏறியது. இதெல்லாம் ஒன்றாக வந்தால் ஒரு வீடியோ அழைப்பில் பேசிவிட்டு அனுப்பட்டும். நிஜமாகவே புடவை வாங்குபவர் பேசாமல் வாங்க மாட்டார்.

உங்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். டிஸ்ப்யூட் போட்டது தெரிந்ததும் கடைக்காரர் திடீரென்று ஃபோன் எடுப்பார். 'புகாரை வாபஸ் வாங்குங்க, நாளைக்கே பணம் போடறோம்' என்பார். வாபஸ் வாங்கினால் அதே புகாரை மறுபடி திறப்பது ரொம்பக் கஷ்டம். பணம் கார்டில் ஏறிய பிறகு வாபஸ் வாங்கலாம் என்று சொல்லிவிடுங்கள். ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம் என்றால் அந்த ரீஃபண்டை அடையாளம் காட்டும் ஏஆர்என் எண் கேளுங்கள், 23 இலக்கம் இருக்கும், உங்கள் வங்கி அதை வைத்துத் தேடிவிடும். ரீஃபண்ட் வருவதற்கு ஓடிபி, பின் எதுவும் தேவையே இல்லை. யாராவது கேட்டால் அது கடையும் இல்லை, வங்கியும் இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே வங்கிக்கும், சைபர் மோசடி உதவி எண் 1930க்கும் சொல்லுங்கள்.

அப்புறம் இந்த மாதப் பில். டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன் என்று மொத்தப் பில்லையும் கட்டாமல் விடாதீர்கள். மோசடி என்று புகார் செய்த தொகைக்கு, தீர்வு வரும்வரை கட்டணம் போடக் கூடாது என்று அந்த 2022 விதியில் இருக்கிறது. உங்களுடையது மோசடி வகை இல்லை, அதனால் அந்தப் பாதுகாப்பை நம்பி இருக்க வேண்டாம். 14,800ஐத் தனியாக நிறுத்தி வைக்கிறீர்களா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள். ஆமாம் என்று பதில் வந்தால் மீதியைக் கட்டுங்கள். பதில் வரும் முன் கெடு தேதி வந்துவிட்டால் முழுவதையும் கட்டிவிடுங்கள். ஜெயித்தால் அது வரவாகத் திரும்பும், கட்டியதால் உங்கள் புகார் பலவீனமாகாது.